கால் அசைந்ததா இல்லையா

மனிதகுல வரலாற்றில் பாரபட்சம் அறியாத கண்கள் இரண்டே இரண்டுதான் இருந்திருக்கின்றன. இரண்டும் என் மாமாவின் மூக்குக்கு இருபுறமும் உள்ளன. இதைச் சொன்னவர் மாமாவே என்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை. பாரபட்சம் அறியாதவர் தன் விஷயத்தில் மட்டும் பொய் சொல்வாரா? ஞாயிற்றுக்கிழமை மாலை, கூடைப்பந்து இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டம் முடிந்து இருபது நிமிடம் கழித்து, டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் நின்றபடி, ஒரு கையில் ரிமோட்டும் மறு கையில் கழற்றிய ஒற்றைச் செருப்புமாக அவர் இதை அறிவித்தார். செருப்பு எறிவதற்காகத்தான் கழற்றப்பட்டது. டிவி வேறு, நடுவர் வேறு என்பது கடைசி நேரத்தில் நினைவுக்கு வந்ததால் கையிலேயே நின்றுவிட்டது.

"நான் ஒரு பக்கமா பேசல. எனக்கு அது வராது. பத்தொம்பது வருஷமா மனுஷங்களுக்கு மார்க் போடறவன்டா நான். அந்தத் தாடியோட கால் அசைஞ்சுது."

மார்க் போடுவது உண்மைதான். மாமா போக்குவரத்து அலுவலகத்தில் ஓட்டுநர் தேர்வு நடத்தும் அதிகாரி. தேர்வுத் திடலில் ஒன்றாம் தடம் அவருடையது. முப்பத்திரண்டு கட்டங்கள் உள்ள ஒரு படிவத்தை அட்டையில் செருகிக்கொண்டு, பயத்தில் வியர்க்கும் யாரோ ஒருவரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே அவர் வாழ்க்கையில் பாதி போயிருக்கிறது. நான் தொட்டிலில் கிடந்த காலத்தில், என் அப்பாவை, அதாவது சொந்த அக்காவின் கணவரை, திரும்பும்போது விளக்குப் போடவில்லை என்று ஃபெயில் ஆக்கினார். உறவுக்காரர்களுக்கு அதிகாரிகள் தேர்வு நடத்தக் கூடாது என்ற விதி அதற்குப் பிறகுதான் வந்தது. என் அம்மா மேலிடத்துக்கு எழுதிய கடிதம்தான் காரணம் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அப்பா மறுபடி தேர்வுக்குப் போகவே இல்லை. இன்றைக்கும், நான் தங்கிப் படிக்கும் இந்த மாமா வீட்டுக்கு அப்பா வந்தால் வாசலிலேயே நின்று, "பஸ் லேட்டு," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

ஐந்தாவது ஆட்டத்தில் நடந்தது இவ்வளவுதான். கொக்குகள் என்று ஒரு அணி, காண்டாமிருகங்கள் என்று ஒரு அணி. ஏழு ஆட்டத்தில் நான்கு ஜெயித்தால் கோப்பை. மாமா கொக்குக் கட்சி. ஏன் என்று கேட்டால், கல்லூரிக் காலத்தில் கடையில் அவர் அளவுக்கு இருந்த ஒரே பனியன் கொக்குப் படம் போட்டதாக இருந்தது. அன்று தொடங்கிய விசுவாசம். நான்கு நொடி மிச்சம், கொக்குகள் ஒரு புள்ளி பின்னால். கொக்குகளின் குள்ளன் பந்தோடு வளையத்தை நோக்கிப் பாய்ந்தான். (குள்ளன் என்றால், எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலில் குனிய வேண்டிய குள்ளன்.) வளையத்துக்குக் கீழே காண்டாமிருகங்களின் தாடிக்காரக் கேப்டன், கைகளை மார்போடு கட்டிக்கொண்டு நின்றான். மோதல். இருவரும் தரையில். பந்து வளையத்துக்குள். விசில். தாடி அசையாமல் நின்றான், மோதியவன்மேல்தான் தப்பு, புள்ளி செல்லாது என்றார் நடுவர். மோதும்போது தாடியின் கால் நகர்ந்திருந்தால் தப்பு தாடியுடையது, கொக்குகளுக்கு வெற்றி. நடுவர்கள் மூன்று பேரும் ஓடிப்போய், ஓரத்தில் இருந்த சின்னத் திரையில் மூன்று நிமிடம் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வந்து அதையேதான் சொன்னார்கள்.

"அந்தப் பையனோட வலது முட்டி உள்பக்கமா மடங்கிடுச்சு," என்றாள் அத்தை, துணி மடித்துக்கொண்டே. "குறைஞ்சது ஆறு வாரம். யாராவது ஐஸ் வைக்கறாங்களா பாரு."

அத்தை ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். டிவியில் யார் விழுந்தாலும் அவளுக்கு மூட்டுகள் மட்டுமே தெரியும்.

"முட்டியா முக்கியம்? இங்க நீதி உடைஞ்சு கெடக்குது," என்றார் மாமா.

"அதுக்கு எனக்குப் பயிற்சி இல்லீங்க," என்று அத்தை அடுத்த துண்டை எடுத்தாள்.

மாமாவுக்கு நடுவரைவிடத் தாடிமேல்தான் கோபம் அதிகம். தாடிக்கு ஒரு பழக்கம். ஆட்டம் தொடங்கும் முன் நடுவரிடம் போய், தோளில் கை போட்டு, காதருகே குனிந்து சிரித்துச் சிரித்து ஏதோ விசாரிப்பான். மாமா அதை நடித்துக் காட்டினார். எங்கள் வீட்டில் அந்த நடுவர் உயரத்துக்கு இருப்பது ஃபிரிட்ஜ் மட்டும்தான். அதன் மேல் கையைப் போட்டு, உடம்பை மூன்றாக வளைத்து, "சார், வீட்ல எல்லாரும் சௌக்கியமா சார்? மூத்தவன் என்ன படிக்கிறான் சார்?" என்று குழைந்தார். ஃபிரிட்ஜ் பதிலுக்கு உறுமியது.

"மார்க் போடறவன்கிட்டப் போய்க் குடும்பத்தை விசாரிக்கிறான் பாரு, அவன் ஆட்டத்துக்கு முன்னாடியே தோத்தவன். என்கிட்ட இது நடக்குமா? 'சார் இளைச்சுட்டீங்களே'ன்னு ஒருத்தன் வண்டியில ஏறினான். அவன் பெல்ட் போடறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சு போச்சு, இவன் வண்டி ஓட்ட மாட்டான்னு. ஓட்டல."

இந்த இடத்தில் அத்தையின் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்த வீட்டில் அதை நான் ஒருவன்தான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருடம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஒரு நீள அறையில், அவள் பிறருடைய தோள்களைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள். இப்போது வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் பொறுப்பு அவளுக்கு வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியே கார் தரும். லைசென்ஸ் அவள் கொண்டுவர வேண்டும், ஒன்றாம் தேதிக்குள். இல்லையென்றால் அடுத்த ஆள் தயாராக இருக்கிறார். அத்தை மூன்று முறை ஃபெயில். முதல் முறை நடைபாதைமேல் ஒரு சக்கரம் ஏறியது. இரண்டாம் முறை வண்டியை அற்புதமாக நிறுத்தினாள், அலுவலகத் தலைவரின் இடத்தில். மூன்றாம் முறை மேட்டில் நிறுத்திக் கிளப்பும்போது வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டது. நான்காவது தேர்வு வியாழக்கிழமை. அதிலும் போனால் மறுபடி போக முப்பது நாள் காத்திருக்க வேண்டும். ஒன்றாம் தேதி முப்பது நாள் காத்திருக்காது.

ஞாயிறு காலைகளில் ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தின் சரிவில் நான் அவளோடு உட்காருவேன். மேட்டில் வண்டியைக் கிளப்பும்போது அவள் வண்டியோடு பேசுவாள். "பயப்படாத. கால ஊனு. மெதுவா. நான் புடிச்சுக்கிட்டிருக்கேன்." பத்தில் ஏழு முறை வண்டி அவள் பேச்சைக் கேட்டது. மற்ற மூன்று முறை நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

முந்தைய மூன்று தேர்வுகளையும் நடத்தியவர் இரண்டாம் தடத்து அதிகாரி, பொறுமையான பெண். இந்த முறையும் அவர்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தோம்.

திங்கட்கிழமை மதியம் வழக்கம்போல் மாமாவின் அலுவலகத்துக்குப் போனேன். என் கல்லூரி இரண்டு நிறுத்தம் தள்ளி. அத்தை எங்கள் இருவர் சாப்பாட்டையும் ஒரே அடுக்கு டப்பாவில்தான் கட்டுவாள், அதனால் ஒருவர் பசித்தால் இன்னொருவரைத் தேடித்தான் ஆக வேண்டும். உணவறையில் மாமாவுக்கு எதிரே மூன்றாம் தடத்து அதிகாரி உட்கார்ந்திருந்தார். அலுவலகத்தில் அவர் பெயர் 'நிதானம்'. எதைச் சொன்னாலும் "நிதானமா யோசிச்சா" என்று தொடங்குவார். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவே அவர் யோசிப்பதில் மற்றவர்கள் கை கழுவிவிட்டு வந்துவிடலாம். பதினான்கு வருடமாக இருவரும் ஒரே மேஜை. அவர் காண்டாமிருகக் கட்சி.

"நின்னுக்கிட்டிருக்கிற வண்டியில பின்னால வந்து மோதினா யாரு தப்பு சார்? மோதினவன்தானே?" என்றார் நிதானம்.

"நின்னுக்கிட்டிருந்தாத்தானே சார். அது உருண்டுக்கிட்டு இருந்துச்சு."

"நிதானமா யோசிச்சா, சார், உருளல."

"நேரா செஞ்சு பாத்துடுவோம் வாங்க."

உலகில் வேறு எந்த ரசிகர்களுக்கும் இந்த வசதி கிடையாது. இவர்களுக்குச் சொந்தமாக ஒரு மைதானம் இருந்தது, கோடுகள் இருந்தன, அடுக்கடுக்காக ஆரஞ்சுக் கூம்புகள் இருந்தன. தேர்வுத் திடலில் நான்கு கூம்புகளை வைத்து வளையத்தின் அடிப்பகுதி அமைக்கப்பட்டது. நிதானம் கைகளை மார்போடு கட்டிக்கொண்டு தாடியானார். மாமா, இருசக்கர வாகனத் தேர்வுக்கு வைத்திருந்த ஹெல்மெட்டைப் பந்தாக எடுத்துக்கொண்டு குள்ளன் ஆனார். உயரத்தைப் பொறுத்தவரை நடிப்பே தேவைப்படவில்லை. முன்வாசலில் டோக்கன் கொடுக்கும் அக்காவைக் கையோடு கூட்டிவந்து நடுவராக நிறுத்தினார்கள். வண்டி கிளம்பச் சைகை கொடுக்கும் விசில் அவள் கழுத்தில்தான் தொங்கும்.

நிழலில் மதியத் தேர்வுக்குக் காத்திருந்த பன்னிரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

மாமா ஓடிவந்தார். தொப்பை முதலில் வந்தது, ஹெல்மெட் அடுத்து, மாமா கடைசியாக. நிதானத்தின்மேல் மோதி, இருவரும் இரண்டு கூம்புகளும் சேர்ந்து விழுந்தார்கள். ஹெல்மெட் உருண்டு போய் ஒரு பெண்ணின் காலடியில் நின்றது. அவள் அதைத் தொடாமல், கையிலிருந்த படிவத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினாள்.

"சார், இது எத்தனை மார்க்?"

 இரண்டு அதிகாரிகளும் தரையில் இருந்தபடியே டோக்கன் அக்காவைப் பார்த்தார்கள்.

"ரெண்டு பேரும் ஃபெயில்," என்று அவள் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அதோடு முடிந்திருக்கும். நிதானம் எழுந்து, பேன்ட்டைத் தட்டி, "நிதானமா யோசிச்சா சார், என் கால் அசையல," என்றார். மாமாவுக்கு முழங்கை சிராய்த்திருந்தது, பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முந்தின நாள் எறியாமல் விட்ட செருப்பு வேறு மனதில் இருந்திருக்கும்.

"உங்க கண்ணை யாரு சார் டெஸ்ட் பண்ணி வேலையில சேத்தது? கண்ணு முன்னால நகர்ற கால் தெரியல. பதினாலு வருஷமா மூணாம் தடத்துல பாஸ் ஆனவங்களை எல்லாம் திரும்பக் கூப்பிடணும் சார். எத்தனை பேரு ரோட்ல திரியறாங்களோ."

காத்திருந்தவர்களில் ஓரிருவர் சிரித்தார்கள். அவர்கள் மூன்றாம் தடத்துக்காரர்கள் அல்ல. நிதானம் குனிந்து, சாய்ந்து கிடந்த கூம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, தரையில் வரைந்திருந்த வெள்ளை வட்டத்துக்குள் சரியாகப் பொருந்தும்படி திருகித் திருகி வைத்தார். உணவறைக்குத் திரும்பாமல், மிச்சச் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுத் தன் தடத்துக்குப் போனார். மாமா வென்றவரைப் போல நடந்து வந்து, என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

அன்று மாலையே இரண்டாம் தடத்து அதிகாரிக்குப் பிரசவ வலி எடுத்தது. செவ்வாய்க்கிழமை காலை அலுவலகப் பலகையில் இரண்டு காகிதங்கள் ஒட்டப்பட்டிருந்தன. ஒன்றில், தாயும் சேயும் நலம். இன்னொன்றில் வியாழக்கிழமைப் பட்டியல், திருத்தியது. அத்தையின் பெயருக்கு நேரே: மூன்றாம் தடம்.

"அடுத்த வாரம்னுதானே சொன்னாங்க?" என்றார் மாமா, பிறந்த குழந்தையின் நடத்தையில் ஏதோ விதிமீறலைக் கண்டவர் போல. மதியம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே நாற்காலி காலியாக இருந்தது. நிதானம் தன் தேர்வுக் காரிலேயே உட்கார்ந்து சாப்பிடுவதாக டோக்கன் அக்கா சொன்னாள்.

"லிஸ்ட்டை மாத்தச் சொல்லுங்களேன் மாமா."

"மாத்தச் சொன்னா அதுக்குப் பேரு சிபாரிசு. என் வாயில அது வராது."

"அப்போ அவர்கிட்ட ஒரு சாரி சொல்லிடுங்க."

"எதுக்கு? கால் அசைஞ்சுதுடா." கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "பழிவாங்கற ஆளா அவரு? உனக்கு என்ன தோணுது?" என்றார்.

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் நல்லவரா இருக்காரு. ஆனா பன்னெண்டு பேரு முன்னால சொன்னீங்களே மாமா."

"நல்லவன்லாம்தான்டா மனசுல வச்சுக்குவான்," என்றார் மாமா.

அத்தை விஷயத்தைக் கேள்விப்பட்டுச் சண்டை போடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் பட்டியலைப் பற்றிக் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை திடலில் நடந்ததையும் என்னிடம் ஒரு வரி விடாமல் கேட்டுவிட்டு, மாமாவின் சிராய்த்த முழங்கையைத் திருப்பிப் பார்த்து மருந்து போட்டாள். போட்டு முடித்த பிறகும் கையை விடவில்லை.

"ஒண்ணு சொல்றேன். எனக்காக அங்க யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. நல்லதும் வேணாம், கெட்டதும் வேணாம். நாளைக்கு நான் ஒரு வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்தி இறங்கறப்போ, இது நானா ஓட்டிட்டு வந்ததுன்னு எனக்குத் தெரியணும். புரிஞ்சுதா?"

"நான் பேசுவேனா? என்னைப் பத்தித் தெரியாதா உனக்கு?"

"தெரியும். அதான் சொல்றேன்," என்றாள்.

புதன்கிழமை மாலை ஆறாவது ஆட்டம். கடவுளுக்கு நகைச்சுவை உணர்வு இருக்கிறதா என்ற கேள்விக்கு அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் பதில் கிடைத்தது. அதே வளையம், அதே மோதல், ஆள்கள் மட்டும் இடம் மாறி. இம்முறை பாய்ந்தவன் தாடி, கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றவன், முட்டியில் பெரிய கட்டோடு ஆடிய குள்ளன். குள்ளனின் கால் அசையவில்லை என்று சொல்வதென்றால் ரயில்வே பிளாட்பாரம்தான் நகர்கிறது என்றும் சொல்லலாம். விசில், தாடிமேல் தப்பு. கொக்குகள் ஜெயித்தார்கள். மூன்றுக்கு மூன்று.

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மாமா, கால்..."

"இது வேற."

"எது வேற?"

"அது நிக்கறதுக்காக அசைஞ்ச கால். அன்னைக்கு அசைஞ்சது தடுக்கறதுக்காக அசைஞ்ச கால். இதெல்லாம் அனுபவத்துல தெரியணும்டா."

அத்தை உள்ளறையில் தேர்வுப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். ஆடக் கூடாத முட்டியோடு ஆடுபவர்களை அவள் பார்ப்பதில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனபோது மாமா பால்கனியில் நின்றுகொண்டு போனில் ஐந்தாவது ஆட்டத்தின் கடைசி நான்கு நொடியை ஓட்டிக்கொண்டிருந்தார். குள்ளன் பாய்ந்தான், விழுந்தான். விரலால் இழுத்தார். மறுபடி பாய்ந்தான். நான் எண்ணத் தொடங்கிய பிறகு மட்டும் பதினொரு முறை. மாமாவின் உதடுகள் அசைந்தன. எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார், வாய்ப்பாடு மறந்த பிள்ளை போல.

வியாழக்கிழமை எனக்குப் பொருளாதார வகுப்பு இருந்தது. பொருளாதாரம் என்னை மன்னிக்கும் என்று நம்பி அத்தையோடு போனேன். ஒன்றாகப் போவதைப் பிறர் பார்த்தால் தப்பாக நினைப்பார்கள் என்று மாமா முக்கால் மணி நேரம் முன்னதாகவே கிளம்பியிருந்தார், இஸ்திரி போட்ட சட்டையில். அத்தை ஆஸ்பத்திரிக்குப் போடும் வெள்ளை ஷூ அணிந்திருந்தாள்.  பஸ்ஸில் இருக்கைக்கு அடியில் அவள் இடது கால் மட்டும் மெல்ல அழுத்துவதும் விடுவதுமாக இருந்தது.

பத்து மணிக்கு அவள் முறை வந்தது. மூன்றாம் தடத்தில் சாம்பல் நிறத் தேர்வுக் கார் நின்றது. அத்தை ஏறி, இருக்கையை முன்னால் இழுத்து, பெல்ட் போட்டாள். நிதானம் காரைச் சுற்றி வந்து டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு டயருக்கும் அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் புது டயரே மாட்டியிருக்கலாம். திடலின் அந்தக் கோடியில் சிவப்பு வெள்ளைப் பட்டையடித்த மேடு தெரிந்தது. நான் வேலி ஓரத்தில், காருக்குப் பத்தடி தள்ளி நின்றேன்.

ஒன்றாம் தடத்தில் ஒரு ஒல்லி இளைஞன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். மாமா அவனிடம் குனிந்து, "கண்ணாடியெல்லாம் சரி பண்ணு, வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு, எங்கேயோ போகிறவர் போலச் சுற்றிக்கொண்டு மூன்றாம் தடத்துக்கு வந்தார்.

"சார்."

"சொல்லுங்க சார்," என்று நிதானம் நிமிர்ந்தார். திங்கட்கிழமைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்வது அதுதான் முதல் முறை.

மாமா காரின் பின்பக்கமாக அவரைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போனார். வேலி அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பதை மறந்துவிட்டார்.

"அந்த அஞ்சாவது ஆட்டம். ஓரத்துக் கேமராவுல திரும்பப் போட்டுப் பாத்தேன்." தொண்டையைச் செருமினார். "கால் அசையலன்னுதான் சார் தோணுது."

பத்தொன்பது வருடத்தில் மாமா தன் தீர்ப்பு ஒன்றை மாற்றி நான் கேட்டதில்லை. என் அப்பா இதைக் கேட்டிருந்தால் அங்கேயே ஒரு கார் வாங்கியிருப்பார்.

நிதானம் அட்டையைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். பிறகு, "நிதானமா யோசிச்சா, சார்," என்றார், "நானும் திரும்பப் போட்டுப் பாத்தேன். அசைஞ்சுது."

"இல்ல சார். அசையல."

"அசைஞ்சுது சார். வலது குதிகால்."

"குதிகாலை எல்லாம் பாக்கக் கூடாது சார்."

"பாக்கணும் சார். நீங்க சொன்னது சரி. நான் சொன்னதுதான் தப்பு."

மாமாவின் முகத்தில், ஒரு வழித் தெருவில் எதிர்ப்பக்கமாக நுழைந்துவிட்டவரின் குழப்பம் வந்தது. மேலும் மறுத்தால் மறுபடி சண்டை. ஒத்துக்கொண்டால், நிதானத்தின் கண் சரியில்லை என்று மறுபடி சொன்னதாகிவிடும். 

"உங்க வீட்டம்மா வண்டியக் கெளப்பறதுக்கு முன்னாலயே உங்ககிட்ட இதைச் சொல்லிடணும்னு நெனச்சேன்," என்றார் நிதானம். "நேத்தே தேடினேன், நீங்க கெளம்பிட்டீங்க. டெஸ்ட் முடிஞ்சு சொன்னா வேற மாதிரி ஆயிடும் பாருங்க. பாஸ் போட்டா, சமாதானத்துக்குப் போட்டேன்னு ஆகும். ஃபெயில் போட்டா, திங்கக்கெழமைக்காகப் போட்டேன்னு ஆகும். அந்தக் கணக்கை இங்கயே முடிச்சிட்டேன். இனிமே வண்டி எப்படி ஓடுதோ அதுக்கு மார்க்கு. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு, லேசாகச் சிரித்து, அட்டையில் படிவத்தை நேராகச் செருகினார்.

இதைக் கேட்டு மாமா நிம்மதி அடைந்திருக்க வேண்டும். ஆனால் அவர் முகத்தில் நான் பார்த்தது நல்ல, முழுமையான பயம். பழிவாங்குகிறவர் என்றால் பேசிப் பார்க்கலாம், சமாதானம் செய்யலாம். கோபம் தணிந்தால் ஒரு முழம் உருண்டதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார். இவரோ ஒரு முழம் உருண்டால் ஒரு முழம் என்று எழுதப் போகிறார். அரை முழம் உருண்டால் அரை முழம். இவரைப் போன்ற ஒருவரின் பக்கத்து இருக்கையில், பத்துக்கு மூன்று முறை பின்னால் உருளும் தன் மனைவியை உட்கார வைத்திருக்கிறோம் என்பது மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

நிதானம் முன்கதவை நோக்கி நடந்தார். மாமா இரண்டே எட்டில் முந்திப் போய்க் கதவைத் திறந்து பிடித்தார். நிதானம் ஒரு கணம் கதவையும் மாமாவையும் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். மாமா அவர் சட்டை நுனி மாட்டாமல் எடுத்து உள்ளே விட்டு, குழந்தை தூங்கும் அறையின் கதவைச் சாத்துவது போல மெல்லச் சாத்தினார். திறந்திருந்த ஜன்னல் வழியாக அவர் கை உள்ளே போய் நிதானத்தின் தோளில் உட்கார்ந்தது.

ஒன்றாம் தடத்தில் ஒல்லி இளைஞன் கண்ணாடியை எட்டாவது முறையாகச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"அப்புறம் சார்," என்றார் மாமா. அவர் குரல் அவ்வளவு மென்மையாக இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. "பையன் நல்லாப் படிக்கிறானா?"

"எனக்குப் பொண்ணு சார்."

"அவளத்தான் கேட்டேன்."

"போன வருஷம் கல்யாணம் ஆயிடுச்சு. நீங்க வந்திருந்தீங்க."

"வந்திருந்தேன்," என்றார் மாமா. "ரொம்ப நல்ல கல்யாணம்."

அத்தை அந்தப் பக்கம் திரும்பவில்லை. இடது கண்ணாடி, வலது கண்ணாடி, நடுக் கண்ணாடி என்று புத்தகத்தில் உள்ள வரிசைப்படி பார்த்தாள். அவள் உதடுகள் அசைந்தன. வண்டியிடம் ஏதோ சொன்னாள். நிதானம் படிவத்தின் முதல் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, "கெளம்பலாம்மா," என்றார்.

டோக்கன் அக்கா விசில் ஊதினாள். வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் முன்னால் நகர்ந்தது. மாமாவின் கை இன்னும் நிதானத்தின் தோளில்தான் இருந்தது. அதனால் மாமாவும் கூடவே நகர்ந்தார், முதலில் நடந்து, பிறகு கொஞ்சம் வேகமாக நடந்து, பிறகு இஸ்திரி போட்ட சட்டை பின்னால் பறக்க, ஜன்னலுக்குள் குனிந்த தலையோடு, மேட்டை நோக்கி, மருமகன் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டபடி.